கொள்கை ஆலோசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

3 மார்ச் 2025 – கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

"அக்கா மகள் கோவையில் எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கப் போகிறாள். அரசுக் கொள்கைக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனத்தில்தான் சேருவேன் என்கிறாள். அப்படி ஒரு நிறுவனத்தின் ஆலோசகர் பட்டியலைக் காட்டினாள். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ்., வெளிநாட்டுப் பட்டம், பெரிய வங்கி, திரும்பவும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். வாய்க்காலையும் தறியையும் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு அங்கே என்ன இடம்?"

3 மார்ச், மாலை

இடம் இருக்கிறது. நானே அப்படி நுழைந்தவன்தான். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு மேட்ச், அதாவது கேட்ட நிறம் அப்படியே வருகிறதா என்று சாயத்தை ஒத்துப் பார்க்கும் வேலை, பண்ணிக்கொண்டிருந்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடியபோது வேலை போனது. சாயக்கழிவு பற்றி ஆய்வு செய்ய வந்த ஒரு ஆலோசனை நிறுவனத்துக்கு வழிகாட்டப் போய், அப்படியே களப்பணியில் ஒட்டிக்கொண்டேன். இப்போது தனியாகச் செய்கிறேன். ஆனால் அக்கா மகள் காட்டிய மாதிரிப் பட்டியலில் என் பெயர் வராது. எங்களை மாதிரி ஆட்கள் "களக்குழு" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுவோம். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அந்த வரிதான்.

எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களை. குழுவில் யார் யார், என்ன படித்தார்கள், இதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்று அங்கேதான் இருக்கும். அதைப் படித்தால் உள்ளே எது விட்டுப்போயிருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

3 மார்ச், இரவு

எப்படிப்பட்ட பின்னணிக்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு கோப்பு எந்த மேசையில் நிற்கும், நிதித்துறை என்ன ஆட்சேபம் எழுப்பும், அரசாணையில் எந்தச் சொல் இருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை நகரும் என்பதெல்லாம் அத்துப்படி. பொருளாதாரம் படித்தவர்களுக்கு விலை, மானியம், யாருக்கு லாபம் யாருக்கு நட்டம் என்பதில் கண். பொறியாளர்கள் திட்ட அறிக்கையும் மதிப்பீடும் போடுவார்கள். சட்டம் படித்தவர் ஒருவர் இருந்தால் நீதிமன்றத்தில் எது நிற்கும் எது நிற்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், அவரைப் பல குழுக்கள் கடைசியில்தான் கூப்பிடும். ஆடிட்டர்கள், எம்.பி.ஏ.க்கள், வரைபடமும் தரவும் பார்க்கும் இளைஞர்கள், பத்திரிகையிலிருந்து வந்தவர்கள், தொண்டு நிறுவனத்தில் இருந்தவர்கள் என்று மற்றவர்கள். நிலத்தடி நீர் படித்தவர், மண் படித்தவர், தொழிலாளர் பக்கம் நின்றவர் ஆகியோரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியல் இப்படி அமைவதற்கு டெண்டரும் ஒரு காரணம். அரசு ஆலோசகரை எடுக்கும்போது பெரும்பாலும் தரத்துக்கும் விலைக்கும் சேர்த்துப் புள்ளி போடுகிறார்கள். 70:30, 80:20 மாதிரி விகிதம். தரத்துக்கான புள்ளியில் பெரிய பங்கு டீம் லீடரின் சி.வி.க்குப் போகிறது. எத்தனை ஆண்டு அனுபவம், எத்தனை கோடித் திட்டம், எந்த உயர்பட்டம் என்று பார்ப்பார்கள். முப்பது வருடம் மதகு திறந்து மூடியவரின் அனுபவத்துக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அப்புறம் நிறுவனம் எப்படி அவரைத் தேடும்?

5 மார்ச்

"உதாரணம் இல்லாமல் பேசாதீங்க" என்று ஈரோட்டு அண்ணன் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் எல்லோருக்கும் தெரியும். பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிற மண் வாய்க்கால். ஒரு போகம் நஞ்சை, ஒரு போகம் புஞ்சை என்று ஒற்றைப்படை மதகுக்கும் இரட்டைப்படை மதகுக்கும் மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவார்கள். இதைச் சுமார் 710 கோடி ரூபாயில் சீரமைத்துக் கான்கிரீட் போடும் திட்டம் 2020 இறுதியில் வந்து, அதன்பின் வருடக்கணக்கில் போராட்டம் நடந்தது.

அந்தக் காலத்தில் பெருந்துறை பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், வாய்க்கால் பாசனம் பற்றி ஒரு தனியார் குழு கருத்துக் கேட்டது. கூட்டத்தை ஏற்பாடு செய்யும் வேலை எனக்கு. குழுவில் ஒரு நீர்வளப் பொறியாளர், நிதிக் கணக்கு பார்க்கும் ஒருவர், செயற்கைக்கோள் படம் வைத்திருந்த ஒரு தம்பி. மூவரும் கெட்டிக்காரர்கள், நேர்மையானவர்கள். திரையில் ஒரு படம் போட்டார்கள். வாய்க்காலின் இரு கரையிலிருந்தும் வெளியே போகும் சிவப்பு அம்புக்குறிகள், மேலே "கசிவு இழப்பு" என்று தலைப்பு. முன் வரிசையில் துண்டை மடியில் மடித்து வைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஏனுங்க தம்பி, அது வீணாப் போற தண்ணின்னா, எங்க கெணத்துல ஊறுறது எந்தத் தண்ணிங்க?"

பொறியாளர் பதில் சொல்ல முயன்றார். அவர் படித்த கணக்கில் மதகை விட்டுப் போய் வயலுக்குச் சேராத தண்ணீர் எல்லாம் இழப்பு. அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் வாய்க்காலுக்குக் கீழே இருக்கும் கிணறுகளும் ஓடைகளும் குட்டைகளும் எழுபது வருடமாக அந்தக் கசிவை நம்பித்தான் இருக்கின்றன. ஆயக்கட்டில், அதாவது வாய்க்கால் பாசன நிலப் பட்டியலில், பெயரில்லாத நிலம்கூட அதில்தான் விளைகிறது. நிலத்தடி நீர் படித்த ஒருவர் குழுவில் இருந்திருந்தால் அதே அம்புக்குறி "கிணற்று ஊற்று" என்று இன்னொரு படத்திலும் வந்திருக்கும். அப்புறம் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு போகிறது என்று எண் வைத்துப் பேசியிருக்கலாம். அன்றைக்கு அது வெறும் வாக்குவாதமாக முடிந்தது.

5 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

கடைமடைக்காரர்கள், அதாவது வாய்க்காலின் கடைசி முனையில் நிலம் உள்ளவர்கள், இருவர் நான் கான்கிரீட்டுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். தண்ணீர் வந்து சேராமல் பயிர் காய்ந்ததைப் பார்த்தவருக்குக் கான்கிரீட் வேண்டும் என்றுதான் தோன்றும். கான்கிரீட் சரியா தப்பா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு தரப்பையும் கேட்டுக் கணக்குப் போடும் ஆள் குழுவில் இல்லை என்பதுதான் என் பேச்சு.

9 மார்ச்

கடைமடை நண்பர் கேட்ட ஒரு கேள்வி மனதிலேயே நிற்கிறது. "உள்ளூர் ஆள் வேணும் வேணும்கிறீங்க, உள்ளூர்ல யாரு?"

ரொம்பச் சரியான கேள்வி. தலைமடையில் பத்து ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவரும் உள்ளூர். கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் உள்ளூர். சொந்தமாக ஒரு சென்ட் இல்லாமல் அந்த இரண்டு காட்டிலும் களையெடுக்கப் போகும் பெண்ணும் உள்ளூர். நான் பார்த்த "உள்ளூர்ப் பிரதிநிதி" எல்லாம் முதல் வகைதான். சங்கத் தலைவர், மில் முதலாளி, முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். காலனியிலிருந்து ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. கூலி எத்தனை நாள் கிடைக்கும், குடிதண்ணீர்க் குழாய் எப்போது வரும் என்பதும் கொள்கைதானே? அதைச் சொல்ல வேண்டியவர் மண்டபத்துக்கு வெளியே பந்தி வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் "நம்ம ஊர்க்காரர்" என்பது மட்டும் எனக்குப் போதவில்லை. வாய்க்காலின் எந்த முனையில் அவருக்கு நிலம், நிலம் உண்டா இல்லையா, யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதும் பின்னணியில் சேர வேண்டும்.

11 மார்ச்

சாயப்பட்டறை அனுபவத்தைக் கேட்டவருக்கு.

துணியில் கருஞ்சாயம் ஏற லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்பு போடுவோம். சாயம் நூலில் ஏறும், உப்பு ஏறாது. அத்தனையும் கழிவுத்தண்ணீரில் வெளியே போகும். லேபில் முதல் மாதம் வேலை பார்த்த பையனுக்கும் இது தெரியும்.

1990களின் கடைசியில் திருப்பூரில் கட்டிய பொது சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, நாற்றத்தைக் குறைத்தன. கரைந்த உப்பை எடுக்கும் வசதி அவற்றில் இல்லை. வெளியே விடும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உப்பு நொய்யல் ஆற்றில் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் "தண்ணி விடாதீங்க" என்று விவசாயிகளே தடுக்கும் நிலை வந்தது. 2006இல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்றது, 2011இல் மூடல். அதற்குப் பிறகுதான் சவ்வு வடிகட்டி, ஆவியாக்கும் இயந்திரம், உப்புக்கரைசலைத் திரும்பப் பயன்படுத்துவது என்று முழு ஏற்பாடு வந்தது.

நான் சேர்ந்த குழுவில் சுற்றுச்சூழல் பொறியாளர் இருந்தார், பொருளாதாரம் படித்தவர் இருந்தார். டையிங் மாஸ்டர் யாரும் இல்லை. ஒரு நாள் கணக்கில் பட்டறைக்கு இவ்வளவு கழிவுநீர் என்று சராசரி எடுத்தார்கள். வெளிர் ஷேடு ஓடும் நாளும் கறுப்பு ஓடும் நாளும் உப்பில் ஒன்றாகுமா என்று நான் கேட்டேன். அந்தப் பொருளாதார மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆர்டர் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். ஷேடு வாரியாகப் பிரித்து எழுதினோம். அறிக்கையில் அந்தப் பகுதி மட்டும்தான் பட்டறைக்காரர்கள் "இது உண்மை" என்று ஒத்துக்கொண்ட பகுதி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அந்த மேடம் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. அவர் சேர்க்கச் சொல்லியும் நிறுவனம் சேர்க்கவில்லை. தகுதிக் கட்டத்தில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு இடமில்லையாம்.

11 மார்ச், இரவு

திருப்பூர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பவானிக்குப் பக்கத்தில் காவிரியில் தண்ணீர் எடுத்துத் திருப்பூருக்குக் கொண்டுவரும் அரசு-தனியார் கூட்டுத் திட்டம், நாளுக்கு 18.5 கோடி லிட்டர். குடிநீர் வழங்கலில் இந்தியாவில் இப்படி வந்த முதல் திட்டம் என்று எல்லாப் பாடத்திலும் வரும். பட்டறைகள்தான் காசு கொடுத்து வாங்கும் பெரிய வாடிக்கையாளர் என்று கணக்கு. ஆனால் கழிவைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்து என்று நீதிமன்றம் சொன்னதும் பட்டறை தன் தண்ணீரையே பெரும்பாலும் மறுபடி எடுத்துக்கொண்டது. வெளியில் வாங்குவது குறைந்தது. அந்தத் திட்டத்துக்குக் கணக்குப் போட்டபோது நிதி படித்தவர் பக்கத்தில் நொய்யல் மாசு வழக்கைப் பின்தொடர்ந்த வக்கீல் ஒருவர் இருந்திருந்தால் இப்படி ஒரு நாள் வரலாம் என்று பேசியாவது இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

17 மார்ச்

ஓய்வுபெற்ற அதிகாரிகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து நிறைய வசவு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

வசவுக்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு நிறுவனம் பெரிய அதிகாரி ஒருவரின் சி.வி.யை வைத்து டெண்டர் எடுத்தது. வேலை தொடங்கிய பிறகு அவர் ஒரு கிராமத்துக்கும் வரவில்லை, அவர் இடத்தில் போன வருடம் படிப்பு முடித்த பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள், அது வேறு. பணம் கட்டிய அரசு வாங்கியது அவருடைய அனுபவத்தை, வந்தது அவருடைய பெயர் மட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேறொரு வேலையில் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர் இருந்தார், ஐ.ஏ.எஸ். எல்லாம் இல்லை. விசைத்தறிக் கூடங்களுக்கு உதவி போகும் ஒரு திட்டத்தில், விண்ணப்பத்தோடு என்னென்ன சான்று கேட்பது என்று பேச்சு. குழுவிலிருந்த எல்லோரும் எட்டு, ஒன்பது சான்று எழுதி வைத்திருந்தார்கள். அவர் தாளை வாங்கி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த அலுவலகம், எத்தனை தடவை நடக்கணும், அங்கே யார் கையெழுத்து என்று எழுதினார். சோமனூரில் ஜாப் ஒர்க்குக்கு தறி ஓட்டுகிறவர் ஒரு நாள் தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போச்சு. மூன்று சான்றாகக் குறைத்தோம். இருபது வருடம் மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவரால்தான் அது முடிந்தது.

18 மார்ச்

ஓய்வுபெற்றதும் தனியாரில் சேர அனுமதி வேண்டாமா என்று கேட்டவருக்கு: ஆமாங்க, உயர் அதிகாரிகள் ஓய்வுபெற்ற ஒரு வருடத்துக்குள் தனியார் நிறுவனத்தில் சேர வேண்டுமென்றால் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். கேள்வி என்னவென்றால், பதவியில் இருந்தபோது கையெழுத்துப் போட்ட திட்டத்துக்கே பிறகு ஆலோசகராக வருகிறாரா என்பது. அதையும் பட்டியலில் பாருங்கள். திட்ட அறிக்கை எழுதிய நிறுவனமே பிறகு அந்த வேலையை எடுக்க வரக் கூடாது என்று கொள்முதல் விதிகளில் இருக்கிறது. அதே கண்ணோடு ஆட்களையும் பார்க்க வேண்டும்.

30 மார்ச்

பொள்ளாச்சி நண்பர் சி. சுப்பிரமணியத்தை இழுத்துவிட்டார், நல்லதாகப் போச்சு. செங்குட்டைப்பாளையத்துக்காரர், விவசாயக் குடும்பம், படித்தது இயற்பியலும் சட்டமும். 1960களின் நடுவில் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டார் பாருங்கள். செயலாளராக ஐ.சி.எஸ். அதிகாரி பி. சிவராமன், ஆராய்ச்சிப் பக்கம் மரபியல் படித்த எம்.எஸ். சுவாமிநாதன். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. விதை எது என்று ஒருவருக்குத் தெரியும், கோப்பை எப்படி நகர்த்துவது என்று ஒருவருக்குத் தெரியும், நாடாளுமன்றத்தில் அடி வாங்கிக்கொண்டு நிற்க ஒருவருக்குத் தெரியும். பசுமைப் புரட்சியால் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் வந்த கேட்டை நான் மறுக்கவில்லை. அந்தக் குழுவில் மண்ணைப் பற்றிப் பேச இன்னும் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பேன்.

2021 ஜூனில் தமிழ்நாட்டில் இரண்டு குழுக்கள் அறிவித்தார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் ரகுராம் ராஜன், எஸ்தர் டுஃப்லோ, ஜான் த்ரேஸ், அரவிந்த் சுப்ரமணியன், எஸ். நாராயண். நான்கு பொருளாதார அறிஞர்கள், நிதித்துறைச் செயலாளராக இருந்த ஒரு அதிகாரி. மாநிலத் திட்டக் குழுவில் பொருளாதாரம் படித்த ஜெயரஞ்சன் துணைத் தலைவர். அவரோடு மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், அறுவை சிகிச்சை மருத்துவர் அமலோற்பவநாதன், சித்த மருத்துவர் கு. சிவராமன், டிராக்டர் நிறுவனத்தை நடத்தும் மல்லிகா சீனிவாசன், நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ், ஒரு சட்டமன்ற உறுப்பினர், ஓய்வுபெற்ற ஒரு அதிகாரி. நடனக் கலைஞருக்குத் திட்டக் குழுவில் என்ன வேலை என்று அப்போது என் காதுபடக் கேலி பேசினார்கள். திருநங்கையாகத் தமிழ்நாட்டில் ஒரு வாழ்க்கையை நடத்திக் காட்டியவருக்கு, அரசு அலுவலகம் ஒரு மனுஷியை எப்படி நடத்துகிறது என்று தெரிந்த அளவு அந்த மேசையில் வேறு யாருக்குத் தெரியும்? எனக்கு அந்த இரண்டாவது பட்டியல்தான் பிடிக்கும். தனியார் நிறுவனங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

12 ஏப்ரல்

கோபி நண்பர் மறுபடி கேட்டிருக்கிறார்: "எல்லாம் சரி, பிள்ளை என்ன செய்யணும்?"

நேராகச் சொல்கிறேன். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தொடங்கியது, இரண்டு வருடம் அரசுத் துறைகளோடு வேலை. முதுகலையில் முதல் வகுப்பு வேண்டும், தமிழ் கட்டாயம். அந்தத் தமிழ் அவளுக்குப் பெரிய பலம், விட வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக இருக்கும் லேம்ப் பயிற்சி 2010 முதல் நடக்கிறது, 25 வயதுக்குள் விண்ணப்பிக்கணும். இரண்டில் எது கிடைத்தாலும் போகட்டும். நடுவில் கிடைக்கும் விடுமுறையில் ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விரலி மஞ்சளும் கிழங்கும் எப்படித் தரம் பிரித்து ஏலம் போகிறது என்று உட்கார்ந்து பார்க்கட்டும். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைக்குத் தண்ணீர் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். அவள் ஊருக்குப் பக்கம் எந்தக் குளத்துக்கு வந்தது, எதற்கு வரவில்லை, ஏன் என்று கரையில் மாடு மேய்ப்பவரிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். நேர்காணலில் அந்த நோட்டை எடுத்து வைத்தால் பேச்சே வேறாக இருக்கும்.

நேர்காணலில் அவளும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. டெண்டரில் பெயர் போட்டவர்கள் களத்துக்கு வருவார்களா? அறிக்கையில் களக்குழுவின் பெயர் வருமா? ஒரு ஊரில் கூட்டம் போட்டால் காலனிக்கும் போவீர்களா, அதற்கு நாள் ஒதுக்குவீர்களா? பதில் இழுத்தடித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

12 ஏப்ரல், இரவு

சம்பளம் பற்றிக் கேட்டவர்களுக்கு: தொடக்கத்தில் ஐ.டி. கம்பெனி அளவுக்கு வராது, பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களின் அரசுப் பிரிவில் சேர்ந்தால் பரவாயில்லை. வெளியூர்ப் பயணம் ஜாஸ்தி. பெண் பிள்ளை என்பதால் வீட்டில் தயங்குவார்கள் என்று தெரியும். கூட்டத்துக்கு வரும் பெண்கள் ஆண் கணக்கெடுப்பாளர்களிடம் சொல்லாததை எல்லாம் ஒரு பெண்ணிடம் சொல்வதை நான் மில் ஹாஸ்டல் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்க. அவர் பேச விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள், என்னோடு களத்தில் இருந்த பெண்கள் இருவரை அவரோடு பேச வைக்கிறேன்.